லேமினேட் தரைக்கு எத்தனை பெட்டி? பரப்பளவு + சேதாரக் கணக்கு போதுமா?

புதுவீடு, 11-09-2023, காலை 9.40

சென்னையில் இரண்டாம் மாடி அடுக்ககம். படுக்கையறையில் இப்போது விட்ரிஃபைட் டைல்ஸ், அதன் மேலேயே லேமினேட் போடப் போகிறோம். அறை 12 அடி 6 அங்குலம் × 10 அடி 9 அங்குலம், அதாவது 134.4 சதுர அடி. பலகை 1215 × 195 மி.மீ., 8 மி.மீ. தடிமன். பெட்டிக்கு 8 பலகை, 20.4 சதுர அடி. 5% சேதாரம் சேர்த்தால் 141 வருகிறது, ஏழு பெட்டியில் 142.8 இருக்கிறது. கடைக்காரர் 10% போட்டு எட்டு வாங்கச் சொல்கிறார். பரப்பளவு தெரிந்த பிறகு எட்டாவது பெட்டி எதற்கு?

ரசமட்டம், 11-09-2023, காலை 11.15

முதலில் அந்த அளவை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். பில்டர் கொடுத்த வரைபடம் என்றால் அதை நம்ப வேண்டாம். அதில் பெரும்பாலும் செங்கல் சுவருக்குச் செங்கல் சுவர் அளவுதான் இருக்கும். அதன் பிறகு இரண்டு பக்கமும் பூச்சு, பூச்சின் மேல் ஸ்கர்டிங் டைல் (சுவரடியில் ஓடும் பட்டை) என்று அறை சுருங்கிவிடும். இடுப்பு உயரத்தில் லேசர் வைத்து அளந்தாலும் இதே தப்பு நடக்கும். டேப் தரையோடு, ஸ்கர்டிங் முகத்திலிருந்து எதிர் ஸ்கர்டிங் முகம் வரை ஓட வேண்டும்.

நீளத்தை மூன்று இடத்தில் எடுங்கள்: இரண்டு சுவரோரமும் நடுவிலும். அகலமும் அப்படியே. பிறகு இரண்டு மூலைவிட்டம். எல்லாம் மில்லிமீட்டரில். அடி அங்குலத்தில் எழுதினால் 10 அடி 9 அங்குலம் கால்குலேட்டரில் 10.9 ஆகப் போய்விடும், உண்மையில் அது 10.75. உங்கள் கணக்கில் அது சரியாக இருக்கிறது, பலர் தவறுவது இங்கேதான்.

கதவு எந்தச் சுவரில், ஜன்னல் எந்தச் சுவரில், சுவரோடு கட்டிய அலமாரி உண்டா என்பதும் வேண்டும்.

புதுவீடு, 11-09-2023, இரவு 8.05

வரைபட அளவுதான். இப்போது டேப் வைத்து எடுத்தேன்.
நீளம்: 3770, 3762, 3775.
அகலம்: கதவு முனையில் 3244, நடுவில் 3240, ஜன்னல் முனையில் 3232.
மூலைவிட்டம்: 4990, 4962.
கதவு ஒரு குட்டைச் சுவரில், மூலையிலிருந்து 100 தள்ளி, 900 அகலம். ஜன்னல் எதிர்க் குட்டைச் சுவரில். கட்டிய அலமாரி இல்லை. இரும்பு பீரோ ஒன்று, கட்டில் ஒன்று.

ரசமட்டம், 11-09-2023, இரவு 9.30

பெரிய எண்ணையே எடுத்துக்கொள்வோம். 3.775 × 3.244 = 12.25 சதுர மீட்டர், 131.8 சதுர அடி.

சுவரோரம் நான்கு பக்கமும் 10 மி.மீ. இடைவெளி விட வேண்டும். எச்.டி.எஃப். பலகை மரநார்தானே, ஈரப்பதம் ஏறினால் பெருக்கும். இடம் இல்லாவிட்டால் நடுவில் எழும்பி நிற்கும். ஆக நீளம் 3755, அகலம் 3224.

ஜன்னல் வெளிச்சம் வரும் திசையிலேயே பலகை ஓடட்டும், அதாவது நீளவாக்கில். 3224 ÷ 195 = 16 வரிசை, மீதி 104 மி.மீ. மொத்தம் 17 வரிசை. 17 × 3755 = 63,835. 1215 ஆல் வகுத்தால் 52.5, அதாவது 53 பலகை. ஏழு பெட்டியில் 56 இருக்கிறது. தாராளம்.

ரசமட்டம், 12-09-2023, காலை 6.50

நேற்று இரவு எழுதிய 53 தவறு. வரிசைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக வரைந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

3755-இல் மூன்று முழுப் பலகை போனால் 3645. மீதி 110 மி.மீ. முனைத் துண்டு குறைந்தது 300 இருக்க வேண்டும் என்று பெரும்பாலான பெட்டிகளில் அச்சிட்டிருக்கும். 110 மி.மீ. துண்டு கால் பட்டாலே அசையும், பலகைகளை ஒன்றோடொன்று கோக்கும் கிளிக் பூட்டு பிடிக்காது.

அடுத்த சிக்கல் இன்னும் மோசம். வரிசை முடிவில் வெட்டிய பலகையின் மீதித் துண்டை அடுத்த வரிசையின் தொடக்கத்தில் போடுவதுதான் வழக்கம். இந்த அறையில் அப்படிப் போட்டால் ஒவ்வொரு வரிசையும் முந்தையதைவிட 110 மட்டுமே குறைவாகத் தொடங்கும். மூட்டுகள் படிக்கட்டு மாதிரி இறங்கும், பக்கத்து வரிசை மூட்டுகளுக்கு நடுவே 110 மி.மீ. தள்ளல்தான் கிடைக்கும். அதுவும் 300 வேண்டும். மூட்டுகள் நெருங்கினால் ஒரே கோட்டில் பலம் குறைந்து பூட்டு பிளந்துவிடும்.

ஆகவே ஒவ்வொரு வரிசையும் இரண்டு முழுப் பலகை, இரண்டு முனையிலும் வெட்டுத் துண்டு. வெட்டுத் துண்டு இரண்டும் சேர்ந்து 1325.

முதல் வரிசை 1000-இல் தொடங்கி 325-இல் முடியும்.
இரண்டாவது 660, 665.
மூன்றாவது 325, 1000.
நான்காவது திரும்பவும் 1000.

முதல் வரிசை முடிவில் மிஞ்சும் 890-ஐ 660 ஆக வெட்டி இரண்டாவதைத் தொடங்கலாம். அதன் முடிவில் மிஞ்சும் 550-ஐ 325 ஆக்கி மூன்றாவதைத் தொடங்கலாம். மூன்று வரிசைக்குப் பத்துப் பலகை. பதினைந்து வரிசைக்கு 50, பதினாறாவதுக்கு 4, பதினேழாவதுக்கு 3. மொத்தம் 57.

ஏழு பெட்டியில் 56. ஒரே ஒரு பலகை குறைகிறது. 131.8 சதுர அடிக்கு 8% சேர்த்தாலும் 142.4 தான், கணக்கு ஏழு பெட்டி போதும் என்றே சொல்லும். கடைசி வரிசையில் வந்து நிற்பீர்கள்.

புதுவீடு, 12-09-2023, காலை 10.20

கடைசி வரிசை 104 தானே, ஒரு பலகையை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தால் இரண்டு வரிசைத் துண்டு வராதா?

ரசமட்டம், 12-09-2023, காலை 10.45

வராது. 104 + 104 = 208, பலகை 195. அகலம் போதுமானதாக இருந்தாலும் கடைசி வரிசைக்குப் பூட்டு உள்ள ஒரு பக்கம்தான் உதவும், கிழித்த மற்றப் பாதியில் எதிர்ப் பக்கப் பூட்டு இருக்கும்.

மூலைமட்டம், 12-09-2023, மாலை 5.10

57 கடைசி விடை இல்லை. ரசமட்டம் போட்ட மூன்று வரிசை முறையில் ஒவ்வொரு சுற்றிலும் 215, 230, 225, 215 என்று நான்கு துண்டு வீணாகிறது. மீதித் துண்டை அடுத்த வரிசைக்குக் கொடுக்காமல் ஒரு வரிசை விட்டு அடுத்ததற்குக் கொடுங்கள். ஒற்றைப்படை வரிசைகளுக்கு ஒன்று, இரட்டைப்படை வரிசைகளுக்கு ஒன்று என்று இரண்டு சங்கிலி ஓடும்.

வாள் ஒவ்வொரு வெட்டிலும் 3 மி.மீ. தின்னும் என்று வைத்தால், ஒவ்வொரு மீதித் துண்டும் அது பிறந்த வரிசையின் தொடக்கத் துண்டைவிட 113 குறையும். தொடக்கத் துண்டுகள்:

1000, 585, 887, 472, 774, 359, 661. எட்டாவது வரிசை புதுப் பலகையில் 1000. பிறகு 548, 887, 435, 774, 322, 661. பதினைந்தாவது திரும்பப் புதுசு, 1000. பிறகு 548, 887.

பக்கத்து வரிசைகளின் வித்தியாசத்தைச் சரிபார்த்துவிட்டேன். மிகக் குறைந்தது 302. மிகச் சின்னத் தொடக்கத் துண்டு 322. புதுப் பலகையில் தொடங்கும் வரிசைகள் நான்குதான்: 1, 2, 8, 15. ஆக 17 × 3 = 51, அதோடு 4. மொத்தம் 55.

துண்டுகளின் முதுகில் பென்சிலால் வரிசை எண் எழுதி வைக்காவிட்டால் இந்த முறை குழம்பிவிடும்.

ரசமட்டம், 12-09-2023, இரவு 9.00

கணக்கு சரி, வரைந்தும் பார்த்தேன். 57 என்று சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் இதில் தவறுக்கு இடமில்லை. ஒரு துண்டை எதிர் முனையில் வெட்டிவிட்டால் அந்தச் சங்கிலி அங்கேயே அறும். வரிசை முடிவுத் துண்டை வெட்டும்போது பலகையின் இடது பாதியை இங்கே போட வேண்டும், வலது முனைப் பூட்டு உள்ள பாதி மீதியாக வேண்டும். இதை மாற்றி வெட்டுவதுதான் அதிகம் நடக்கிற தப்பு.

ரசமட்டம், 14-09-2023, காலை 7.15

குறுக்குவாக்கில் போட்டால் என்ன ஆகும் என்று நாம் யாரும் பார்க்கவில்லை. பலகை 3224 நீளத்தில் ஓடும்.

முதல் வரிசை: 1215, 1215, 794. மீதி 421.
இரண்டாவது: 421, 1215, 1215, 373. மீதி 842.
மூன்றாவது: 842, 1215, 1167. மீதி 48.

மூன்று வரிசைக்கு எட்டுப் பலகை, 9720-இல் 48 மி.மீ. மட்டுமே மீதி. அதையும் வாள் வெட்டுத்தான் தின்னும். எல்லா முனைத் துண்டும் 300-க்கு மேல், மூட்டுத் தள்ளல் குறைந்தது 373. இப்படி அமைவது அபூர்வம்.

வரிசை எண்ணிக்கை: 3755 ÷ 195 = 19, மீதி 50. மொத்தம் 20 வரிசை. பதினெட்டு வரிசைக்கு 48 பலகை, மிச்ச இரண்டுக்கு மும்மூன்று. மொத்தம் 54.

50 மி.மீ. பட்டை கடைசியில் வரக் கூடாது. நீளம் 3762 ஆகிற இடத்தில் அது 37 ஆகிவிடும். 195-உம் 50-உம் சேர்த்து இரண்டாகப் பிரித்து, முதல் வரிசையும் கடைசி வரிசையும் சுமார் 122 ஆகக் கிழித்துக்கொள்ள வேண்டும். பலகை எண்ணிக்கை மாறாது.

ஒரே அறை, ஒரே பலகை. நீளவாக்கில் 55 அல்லது 57, குறுக்குவாக்கில் 54. சதுர அடிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பலகை துண்டு துண்டாகத்தான் போகிறது, சதுர அடியாகப் போவதில்லை.

புதுவீடு, 14-09-2023, காலை 9.00

அப்படியானால் குறுக்கே போட்டுவிடலாமா? ஜன்னல் வெளிச்சம்?

மூலைமட்டம், 14-09-2023, மதியம் 1.30

வெளிச்சத்துக்குக் குறுக்கே ஓடினால் ஒவ்வொரு நீள மூட்டிலும் மெல்லிய நிழல் விழும், தரை சமமாக இல்லாத இடத்தில் அது கூடுதலாகத் தெரியும். ஓரத்தில் வி வடிவப் பள்ளம் உள்ள பலகை என்றால் கோடு எப்படியும் தெரியத்தான் போகிறது, அப்போது திசை அவ்வளவு முக்கியமில்லை. பள்ளம் இல்லாத வழவழப் பலகை என்றால் நான் வெளிச்சத்தோடுதான் போடுவேன். ஒரு பலகை மிச்சம் என்பதற்காக இருபது வருடம் பார்க்கப்போகிற தரையின் திசையை மாற்ற மாட்டேன்.

ரசமட்டம், 14-09-2023, மதியம் 2.10

அதுவே என் முடிவும். அறை நீண்டு ஒடுங்கியிருந்தால் இன்னும் உறுதியாக நீளவாக்கு. குறுக்கே போட்டால் ஏணிப்படி மாதிரி இருக்கும்.

மூலைமட்டம், 15-09-2023, காலை 8.20

மூலைவிட்டத்தை யாரும் தொடவில்லை. அறை நேர் செவ்வகமாக இருந்தால் இரண்டும் 4977 வர வேண்டும். 4990, 4962 என்றால் 28 மி.மீ. வித்தியாசம். குட்டைச் சுவர் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போவதற்குள் சுமார் 18 மி.மீ. சாய்ந்திருக்கிறது. மொத்தமாக ஒரே அளவில் எல்லா முனைத் துண்டையும் வெட்டி அடுக்கி வைக்காதீர்கள். ஒவ்வொரு வரிசையின் கடைசித் துண்டையும் அங்கேயே வைத்துக் குறித்து வெட்டுங்கள். மேலே கொடுத்த எண்கள் திட்டத்துக்கு, வாளுக்கு அல்ல.

அகலம் கதவுப் பக்கம் 3244, ஜன்னல் பக்கம் 3232. முதல் வரிசை முழுப் பலகையாகப் போனால் கடைசி வரிசை 104-இலிருந்து 92 வரை ஒடுங்கிக்கொண்டே போகும், கண்ணுக்கு உறுத்தும். இங்கேயும் இரண்டாகப் பிரித்து முதல் வரிசை 150, கடைசி வரிசை 149 என்று போடுங்கள். ஒடுக்கத்தையும் இரண்டு ஓரத்துக்கும் ஆறாறாகப் பங்கிட்டால் யாருக்கும் தெரியாது.

தரைத்தளம், 15-09-2023, இரவு 7.45

எங்களுடையது தனி வீடு, தரைத்தளம், பழைய சிமெண்ட் தரை. மழைக்காலத்தில் சுவரோரம் ஓதம் ஏறும். போடலாமா?

ரசமட்டம், 15-09-2023, இரவு 10.00

ஓதத்தை நிறுத்தாமல் போடாதீர்கள். சோதிக்க எளிய வழி: ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பாலிதீன் விரிப்பை நான்கு ஓரமும் டேப் ஒட்டித் தரையில் இரண்டு நாள் விடுங்கள். எடுக்கும்போது அடியில் நீர்த்துளியோ சிமெண்டில் கறுத்த திட்டோ இருந்தால் தரை இன்னும் ஈரம் கக்குகிறது. மழைக்காலத்தில் சோதியுங்கள், மே மாதத்தில் எந்தத் தரையும் தேறிவிடும்.

புதிதாக சிமெண்ட் பூசிய தரை என்றால் முதல் நான்கு செ.மீ. தடிமனுக்கு ஒரு செ.மீ.க்கு ஒரு வாரம் என்று காய விட வேண்டும், அதற்கு மேலே போனால் இன்னும் கூடுதல். தரைத்தளத்தில் கரையானையும் யோசியுங்கள். எச்.டி.எஃப். அதற்கு நல்ல தீனி. மருந்து அடிக்காத தரையில் பலகையை விரிக்க வேண்டாம்.

ரசமட்டம், 17-09-2023, காலை 8.00

புதுவீடு கேட்காத ஆனால் வாங்க வேண்டிய மற்றவை.

பாலிதீன் (ஈரம் ஏறாமல் தரையில் முதலில் விரிப்பது): 200 மைக்ரான். விரிப்புகள் ஒன்றன் மேல் ஒன்று 200 மி.மீ. ஏற வேண்டும், சுவரோரம் 50 மி.மீ. மேலே மடிய வேண்டும். 2 மீட்டர் அகல ரோல் என்றால் அறையின் நீளவாக்கில் இரண்டு விரிப்பு ஓட்டுங்கள். குறுக்கே தேவை 3244 + 100 + 200 = 3544, இரண்டு விரிப்பில் 4000 இருக்கிறது. ஒரு விரிப்பு 3875, மொத்தம் 7.75 மீட்டர். குறுக்கே ஓட்டினால் இரண்டு போதாது, மூன்றாவது வேண்டியிருக்கும்.

ஃபோம் (பாலிதீனுக்கு மேல், பலகைக்கு அடியில் விரிப்பது): 2 மி.மீ. இது ஓரத்தோடு ஓரம் சேர வேண்டும், ஏறக் கூடாது. 1 மீட்டர் அகல ரோலை நீளவாக்கில் விரித்தால் நான்கு பட்டை, 15.1 மீட்டர். குறுக்கே விரித்தாலும் நான்கு பட்டைதான், ஆனால் 13 மீட்டரில் முடியும். மெத்தென்று இருக்கட்டும் என்று இரண்டு அடுக்கு போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அடியில் 3 மி.மீ.க்கு மேல் போனால் ஒவ்வொரு மிதிக்கும் பூட்டு வளைந்து, ஒரு நாள் உடையும். சத்தம் குறைய வேண்டும் என்றால் தடிமனைக் கூட்டாமல் அடர்த்தியான ஃபோம் வாங்குங்கள்.

ஸ்கர்டிங்: டைல் ஸ்கர்டிங்கை உடைக்காமல் அதன் முன்னால் பி.வி.சி. அல்லது எம்.டி.எஃப். ஸ்கர்டிங் ஒட்டலாம். 10 மி.மீ. இடைவெளியை அது மூட வேண்டும், ஆகவே தடிமன் 12-க்குக் குறையக் கூடாது. சுற்றளவு 14.04 மீட்டர், கதவு கழித்து 13.14. 2.4 மீட்டர் நீளம் ஆறு. நீளச் சுவர் ஒவ்வொன்றுக்கும் 2400 + 1375, ஜன்னல் சுவருக்கு 2400 + 844, கதவுச் சுவரில் 2244-உம் 100-உம். அந்த 844-உம் 100-உம் நீளச் சுவர்களில் மிஞ்சும் 1025 துண்டுகளிலிருந்து கிடைக்கும். மூலையில் 45 பாகை வெட்டு ஒன்று தப்பினால் போச்சு, ஏழாக வாங்குங்கள். சுவரில்தான் ஒட்ட வேண்டும், பலகையில் ஒரு துளி பசை படக் கூடாது.

கதவோரம்: பலகை 8, ஃபோம் 2, ஆக 10 மி.மீ. உயரும். ஹால் டைல் கீழே நிற்கும், அதனால் டி வடிவப் பட்டை உதவாது, சரிவாக இறங்கும் ரெட்யூசர் 900 மி.மீ. ஒன்று வாங்குங்கள்.

மூலைமட்டம், 17-09-2023, காலை 9.10

கதவு அடியில் எவ்வளவு இடைவெளி என்று இப்போதே பாருங்கள். பலகைத் துண்டும் ஃபோம் துண்டும் அடுக்கி, ரெட்யூசரையும் வைத்துக் கதவைத் திறந்து மூடுங்கள். இடித்தால் தரை போடுவதற்கு முன்பே ஆசாரி கதவைக் கழற்றி அடியை இழைக்க வேண்டும். மர நிலையை மட்டும் பலகையில் பள்ளம் வெட்டிச் சுற்றாதீர்கள். அதே துண்டுகளை நிலையோரம் வைத்து, அதன் மேல் கைவாளைப் படுக்கையாக ஓட்டி நிலையின் அடியை அறுங்கள். பலகை உள்ளே நுழைந்துவிடும், இடைவெளியும் மறைந்துவிடும். கதவின் கீழ் வரும் நாக்குத் துண்டுக்கு ஒரு பலகை தனியாக எண்ணிக்கொள்ளுங்கள். நம் 55-இல் அது இல்லை.

புதுவீடு, 18-09-2023, இரவு 9.20

டைல்ஸ் மேல் மட்டக்கோல் வைத்துப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் ஒரு மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் இடம் நடுவில் 5 மி.மீ. பள்ளம். தட்டினால் இரண்டு டைல் காலியாகச் சத்தம் போடுகிறது. பீரோவை எங்கே வைப்பது?

ரசமட்டம், 19-09-2023, காலை 7.00

2 மீட்டர் கோலுக்கு அடியில் 3 மி.மீ. வரை சரி. 5 கூடாது, அந்த இடத்தில் பலகை ஊஞ்சலாடும். காலிச் சத்தம் வரும் இரண்டு டைலையும் எடுத்து சிமெண்ட் வைத்து மறுபடி பதியுங்கள். பள்ளத்துக்கு செல்ஃப் லெவலிங் கலவை (ஊற்றினால் தானே மட்டமாகப் பரவுவது). ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மி.மீ. உயரத்துக்குச் சுமார் 1.7 கிலோ ஆகும். உங்கள் பள்ளம் சராசரி 2.5 மி.மீ., 1.5 சதுர மீட்டர், ஆகவே ஏறக்குறைய ஆறரைக் கிலோ. டைல் வழவழப்பில் அது ஒட்டாது, பிரைமர் அடித்துத்தான் ஊற்ற வேண்டும். டைல்களுக்கு நடுவே உள்ள 3 மி.மீ. கோடுகளை ஒன்றும் செய்ய வேண்டாம்.

பீரோ: இது மிதக்கும் தரை, எங்கும் ஒட்டப்படுவதில்லை. கனமான சாமான் ஒரு பக்கம் அழுத்தினால் மறு பக்கம் நகர இடம் இருக்க வேண்டும். பீரோவும் கட்டில் தலைமாடும் ஒரே சுவரோரம் இருக்கட்டும். பீரோ ஒரு சுவரிலும் இன்னொரு கனமான அலமாரி எதிர்ச் சுவரிலும் நின்றால் தரை இரண்டு பக்கமும் பூட்டிக்கொண்டு நடுவில் மூட்டு விரியும். இரவு முழுக்க ஏ.சி. ஓடி, பகலில் ஜன்னல் திறக்கும் சென்னை அறையில் ஈரப்பதம் தினமும் ஏறி இறங்கும், இது சீக்கிரமே தெரிந்துவிடும். பீரோவின் நான்கு காலுக்கும் அடியில் அகலமான கட்டை வையுங்கள்.

பெட்டியில் ஏசி3, ஏசி4 என்று இருக்குமே, அது தேய்மானத் தரம். படுக்கையறைக்கு ஏசி3 போதும். ஹாலுக்கும் இதே பலகை வாங்கும் எண்ணம் இருந்தால் ஏசி4.

புதுவீடு, 20-09-2023, காலை 10.00

நீளவாக்கில், இரண்டு சங்கிலி முறையில் போடுகிறோம். 55 + கதவுக்கு ஒன்று = 56. ஏழு பெட்டி மிகச் சரி!

ரசமட்டம், 20-09-2023, காலை 10.25

மிகச் சரியாக இருப்பதுதான் பயம். எட்டுப் பெட்டியில் 64 பலகை வரும், அதில் நான்கைந்து மூலை நசுங்கியோ பூட்டு உதிர்ந்தோ இருந்தாலும் வேலை நிற்காது. ஏழில் ஒன்று நசுங்கினாலும் நிற்கும். பிறகு ஒரு பெட்டி மட்டும் வாங்கப் போனால் வேறு லாட் (வேறு தயாரிப்புத் தொகுதி) கிடைக்கும், நிறம் அரை சாயல் மாறும், சில சமயம் பூட்டே லேசாக இறுக்கமாக இருக்கும். கடைக்காரர் எட்டு சொன்னது சரிதான், 10% என்ற காரணம்தான் இந்த அறைக்குத் தற்செயலாகப் பொருந்தியது.

வாங்கும்போது எட்டுப் பெட்டியிலும் லாட் எண் ஒன்றா என்று பாருங்கள். பிரிக்காத பெட்டியைத் திரும்ப எடுப்பார்களா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அந்த அறையிலேயே, பெட்டியைப் பிரிக்காமல், படுக்கையாக 48 மணி நேரம் வையுங்கள். போடும்போது மூன்று பெட்டியை ஒன்றாகத் திறந்து மாற்றி மாற்றி எடுங்கள், ஒரே கோலம் பக்கத்தில் பக்கத்தில் வராது.

மூலைமட்டம், 20-09-2023, காலை 11.40

எட்டாவது பெட்டியைக் கடைசி வரிசை பூட்டும் வரை தொடாதீர்கள். திறக்க நேர்ந்தால் மிஞ்சும் பலகைகளைப் பரணில் நிறுத்தி வைக்க வேண்டாம், அங்கே வெயில் சூட்டில் வில்லாக வளைந்துவிடும். கட்டிலுக்கு அடியில், அதே அறையில், படுக்கையாக.